அளவு நோட்டும் பதிவேடும்

புதுச்சேரி மூலக்குளத்தில் விழுப்புரம் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் தெருவுக்கு ஒரு ஜாக்கெட் தைக்கும் கடையாவது கண்ணில் படும். முகூர்த்த மாதம் நெருங்கிவிட்டால் கடைக்குள் ஆரிச் சட்டத்தை விரித்துவிடுவார்கள். வந்தவர் உட்கார இடம் இருக்காது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணிக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. மேல் கையிலிருக்கும் கொக்கி ஊசி துணியைக் குத்தி இறங்கும். கீழ்க் கை அதில் நூலை மாட்டிவிடும். ஊசி நூலோடு மேலே வரும். ஒரு மாங்காய் நிரம்புவதற்குள் டீ ஆறிப்போகும்.

அப்படி ஒரு கடையில் எனக்குப் பிடித்தது அளவு நோட்டு. ‘பால் பூத் அக்கா பொண்ணு, முகூர்த்தம் 26, கை பத்தரை, பேட் வேணாம், முதுகுல ஜன்னல்’ என்று எழுதியிருக்கும். அம்மா பெயரால்தான் பெண் அங்கே அடையாளம். தகப்பன் பெயருக்கு அந்த நோட்டில் வேலையே இல்லை. “எதுக்குங்க அது? துணி குடுக்கிறதும் அம்மா, திட்டுறதும் அம்மா” என்றார் தைப்பவர், பாபினை மாற்றிக்கொண்டே.

அப்போது மணப்பெண் ஒருத்தி கைபேசியை நீட்டினாள். “அக்கா, மஸாபா மாதிரி வேணும்.” பளீரென்ற இளஞ்சிவப்பு லெஹங்கா. போட்டிருந்தவர், அதை வடிவமைத்த மஸாபா குப்தாவேதான். 2023 ஜனவரி 27 அன்று அவருடைய இரண்டாவது திருமணத்தில் எடுத்த படம். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் குடும்பம் நம் நாட்டின் எந்தப் படிவத்திலும் எளிதாக அடங்காதது. கல்யாணத் துணி விற்றுப் பேர் வாங்கிய ஒருவரின் வீட்டுக் கதை, கல்யாணம் என்கிற ஏற்பாட்டைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

மஸாபாவின் அம்மா நடிகை நீனா குப்தா. அப்பா மேற்கிந்தியத் தீவுகளின் விவியன் ரிச்சர்ட்ஸ். நம்மூர்க்காரர்களுக்கு ரிச்சர்ட்ஸ் என்றதும் சேப்பாக்கம் நினைவுக்கு வரும். 1988 ஜனவரியில் அவர் தலைமையில் வந்த அணியை முதல் டெஸ்ட் ஆடிய நரேந்திர ஹிர்வானி 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்துச் சுருட்டியது அங்கேதான். ஒருநாள் ஆட்டத்தில் ரிச்சர்ட்ஸ் வைத்திருந்த 189 ரன் சாதனையை 1997இல் சயீத் அன்வர் உடைத்ததும் அதே மைதானத்தில். 80களின் பிற்பகுதியில் இந்தியாவில் ஆடவந்த காலத்தில் நீனாவோடு பழக்கம். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. நீனா கர்ப்பமானார், பெற்றுக்கொள்வதென்று முடிவெடுத்தார்.

அடுத்து நடந்ததை நீனா 2021இல் வெளியிட்ட ‘சச் கஹூன் தோ’ என்ற தன்வரலாற்றில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். அதில் என் மனதில் தங்கிவிட்டது ஒரு வரவு-செலவுக் கணக்கு. சுகப்பிரசவம் என்றால் 2,000 ரூபாயில் முடியும், அறுவை என்றால் 10,000 பக்கம் ஆகும். கையில் அவ்வளவு இல்லை. பிரசவத்துக்குச் சில நாள் முன்பு வருமான வரியில் திரும்பவேண்டிய 9,000 ரூபாய் வந்து சேர்ந்தது. கணக்கில் 12,000 ஆனது. அறுவையில்தான் குழந்தை பிறந்தது. ரிச்சர்ட்ஸின் பேரையும் புகழையும் பற்றி ஆயிரம் எழுதலாம். அந்த வாரம் உதவியது வருமான வரித் துறை.

நண்பரும் நடிகருமான சதீஷ் கௌஷிக், குழந்தை கறுப்பாகப் பிறந்தால் தன் பிள்ளை என்று சொல்லிவிடலாம், தானே மணந்துகொள்கிறேன் என்று முன்வந்ததையும் நீனா எழுதியிருக்கிறார். நல்ல மனசு. ஆனால் அந்த நல்ல மனசுக்குக்கூட முதலில் தோன்றியது, காலியாக இருக்கும் தகப்பன் கட்டத்தில் ஒரு பெயரை நிரப்பிவிடவேண்டும் என்பதுதான். நீனா மறுத்துவிட்டார். குழந்தையை வளர்க்கத் துணையாக இருந்தவர் நீனாவின் தந்தை.

நம் ஊர்களில் இப்படிப் பிறந்த பிள்ளைக்கு இருக்கும் பட்டப் பெயர்களை இங்கே எழுதவேண்டியதில்லை; எல்லாருக்கும் தெரியும். மஸாபாவும் அவற்றின் இந்தி, ஆங்கில வடிவங்களைக் கேட்டே வளர்ந்தார். தோல் நிறத்துக்கும் சுருட்டை முடிக்கும் தனியாகக் கேலி. 2017 அக்டோபரில் டெல்லியில் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது அதை ஆதரித்து ஒரு வரி எழுதினார். உடனே பிறப்பைச் சொல்லி வசை. அவர் தந்த பதிலின் சாரம் இது: அப்படி அழைப்பதில் எனக்குப் பெருமைதான், நான் பார்த்தவர்களிலேயே மிகவும் நேர்மையான இருவருக்குப் பிறந்தவள் நான். ஆங்கிலத்தில் ‘சட்டத்துக்கு உட்பட்ட’ என்பதற்கும் ‘உண்மையான’ என்பதற்கும் ஒரே சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிடுங்கி எறிந்தவர்கள் மீதே திருப்பி எறிந்தார்.

அதோடு நிற்கவில்லை. 2022இல் அவர் தொடங்கிய ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் பெயர் ‘லவ்சைல்ட்’. மணம் முடிக்காதவர்களுக்குப் பிறந்த பிள்ளையைக் கொஞ்சம் நாகரிகமாகக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. வசையை உதட்டுச்சாயத்தின் மூடியில் அச்சடித்து விலைபோட்டு விற்றார். அதே ஆண்டு ஆதித்ய பிர்லா குழுமத்தின் ஆடை நிறுவனம் அவருடைய ‘ஹவுஸ் ஆஃப் மஸாபா’வில் 51 விழுக்காடு பங்கை 90 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பிரசவச் செலவுக்கு 12,000 ரூபாயைத் தேற்றிய வீடு இது.

இந்த வளர்ச்சிக்கு முதல் படி போட்டவர்களில் ஒருவர் கோவாவின் ஆடை வடிவமைப்பாளர் வெண்டல் ரோட்ரிக்ஸ். டென்னிஸ், நடனம், இசை என்று மாறிமாறி ஓடிக்கொண்டிருந்த பெண்ணை இந்தத் தொழில் பக்கம் திருப்பியவர் அவர் என்று மஸாபா பலமுறை சொல்லியிருக்கிறார். புதுச்சேரிக்காரனான எனக்கு ரோட்ரிக்ஸின் சொந்த வாழ்க்கை இன்னும் நெருக்கமானது. காரணம், அதில் பிரெஞ்சுச் சட்டம் வருகிறது.

ரோட்ரிக்ஸ் 80களின் தொடக்கத்தில் ஓமனில் வேலை பார்த்தபோது ஜெரோம் மரேல் என்ற பிரெஞ்சுக்காரரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். கோவாவில் கொல்வாலே கிராமத்துப் பழைய வீட்டில் குடியேறினார்கள். 2002 டிசம்பரில் கோவாவிலேயே, பிரெஞ்சுச் சட்டப்படி ‘பாக்ஸ்’ என்ற குடிமை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். திருமணம் செய்யாமல், அல்லது செய்ய முடியாமல், சேர்ந்து வாழும் இருவருக்கு 1999 நவம்பரில் பிரான்ஸ் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒப்பந்தம் நடந்த மண்ணில் அன்று தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அப்படியே இருந்தது. உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது 2018 செப்டம்பரில்தான். பாரிஸ் கணக்கில் குடும்பம், பனாஜி கணக்கில் குற்றம். 2014இல் அதே மனிதருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2020 பிப்ரவரியில் ரோட்ரிக்ஸ் காலமானார். இந்தியச் சட்டத்தின் கண்ணில் மரேல் அவருக்கு யாரும் இல்லை. ஒருபால் திருமணத்தைச் சட்டம் ஏற்கவேண்டும் என்ற வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

ஒரே வாழ்க்கைக்கு இரண்டு பதிவேடு, இரண்டிலும் வேறுவேறு விடை என்பது வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். புதுச்சேரிக்கு அது பழக்கப்பட்ட சங்கதி. 1819 ஜனவரி 6 ஆணையில் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோதே, இந்தியர்களுக்கு அவரவர் வழக்கமும் மரபும்தான் செல்லும் என்று எழுதிவைத்தார்கள். 1881 செப்டம்பர் 21 ஆணை இன்னொரு கதவைத் திறந்தது. சாதி வழக்கத்தை விட்டுவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்டால், பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போய்விடலாம். அப்படிப் போனவர்கள் ‘ரெனோன்சான்’கள். அந்த இயக்கத்துக்கு முன்னே நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை தனக்கு ‘லப்போர்த்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். லப்போர்த் என்றால் வாசல்.

இதே பொன்னுத்தம்பிதான் 1873இல் ஐரோப்பிய உடையில் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய், நீதிபதியின் கோபத்துக்கு ஆளாகி, வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்றவர். முதலில் உடை, பிறகு பெயர், அதற்கும் பிறகு குடும்பச் சட்டம் என்று ஒவ்வொன்றாக மாற்றினார். புதுச்சேரியில் உடையும் குடும்பச் சட்டமும் ஒரே மனிதர் வழியாக வந்தவை என்பதை ஆடை வடிவமைப்புக் கல்லூரிகள் எங்காவது சொல்லித்தருகின்றனவா என்று அறிய எனக்கு ஒரு ஆசை.

இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடுகளில் கல்யாணம் இரண்டு தரம் நடக்கும். ஒன்று காகிதத்தில், தூதரகத்துக்குச் சொல்லி. இன்னொன்று மண்டபத்தில், நாதஸ்வரத்தோடு. பெரியவர்கள் இன்னும் நகராட்சியை ‘மேரி’ என்றுதான் சொல்வார்கள். எந்தக் கல்யாணம் உண்மையான கல்யாணம் என்று கேட்டால் பாட்டி மண்டபத்தைக் காட்டுவார். பென்ஷன் கொடுப்பவர் காகிதத்தைக் கேட்பார்.

தகப்பன் கட்டத்துக்கும் பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. மணமாகாத பெண் தன் பிள்ளைக்கு இன்னார்தான் தகப்பன் என்று வழக்குப் போடுவதையே 1804ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தின் 340ஆம் பிரிவு தடைசெய்திருந்தது. ஆண் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால் உண்டு, இல்லையேல் இல்லை. அந்தத் தடையைத் தளர்த்த 1912 நவம்பர் வரை ஆயிற்று. 1972இல் மணத்துக்குள் பிறந்த பிள்ளைக்கும் வெளியே பிறந்த பிள்ளைக்கும் சம உரிமை என்றார்கள். 2005இல் அந்த இரண்டு வகைச் சொற்களையே சட்டப் புத்தகத்திலிருந்து அடித்துவிட்டார்கள். ஆனால் புதுச்சேரி ரெனோன்சான்களுக்குப் பொருந்துவது 1962இல் ஊர் இந்தியாவிடம் கைமாறியபோது இருந்த சட்டம். இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. பாரிஸ் அழித்த சொல் இங்கே ஏட்டில் கிடக்கிறது.

மஸாபாவின் திருமணங்களுக்கு வருவோம். முதல் மணம் 2015இல், தயாரிப்பாளர் மது மண்டேனாவோடு. முருகதாஸ் இந்தியில் எடுத்த ‘கஜினி’யின் தயாரிப்பாளர்களில் ஒருவர் என்றால் நம்மவர்களுக்குப் புரியும். 2018 ஆகஸ்டில் பிரிந்து வாழப்போவதாக இருவரும் அறிவித்தார்கள், 2019இல் விவாகரத்து. இதில் மற்றவர் நுழைந்து பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நீனா பின்னாளில் பேட்டியில் ஒப்புக்கொண்ட ஒரு சங்கதி முக்கியமானது. மகள் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழத்தான் விரும்பினாள், நான்தான் கூடாது, கல்யாணம் செய்துகொள் என்று வற்புறுத்தினேன், அது என் தவறு என்றார். தாலி இல்லாமல் பிள்ளை பெற்று ஊரை எதிர்த்து நின்றவர், மகள் விஷயத்தில் ஊர் அம்மாவாக ஆகிவிட்டார். இதை முரண் என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் நின்றவளுக்குத்தானே வெயிலின் சூடு தெரியும்? நீனாவும் 2008இல், மகள் வளர்ந்து ஆளான பிறகு, பட்டயக் கணக்காளரான விவேக் மெஹ்ராவை மணந்துகொண்டிருந்தார்.

பிறகு ஒரு தொடர் வந்தது. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் ‘மஸாபா மஸாபா’. தாயும் மகளும் தங்களைத் தாங்களே நடித்தார்கள்; விவாகரத்தும் கதைக்குள் வந்தது. அதில் பிரிந்துபோகும் கணவராக நடித்தவர் சத்யதீப் மிஸ்ரா. வழக்கறிஞராக இருந்து நடிக்க வந்தவர். இந்தி ‘விக்ரம் வேதா’வில் அப்பாஸ் அலியாக வந்தவர் என்றால் முகம் நினைவு வரும். திரையில் முன்னாள் கணவராக இருந்தவர் நிஜத்தில் இரண்டாவது கணவர் ஆனார். சினிமாவில் இப்படிக் கதை சொன்னால் தயாரிப்பாளரே நம்பமாட்டார்.

சத்யதீப்புக்கும் இது இரண்டாவது மணம். முதல் மனைவி நமக்கு நன்கு தெரிந்த அதிதி ராவ் ஹைதரி, ‘சிருங்காரம்’, ‘காற்று வெளியிடை’ படங்களின் நாயகி. அதிதி 2024 செப்டம்பரில் தெலங்கானாவின் வனபர்த்திப் பக்கம் ஒரு பழைய கோயிலில் நடிகர் சித்தார்த்தை மணந்தார். உறவுமுறையை வரைந்து பார்த்தால் கோலத்தைப் போல எங்கோ போய் எங்கோ சேர்கிறது. நம் கிராமங்களில் ‘கொண்டான் கொடுத்தான்’ உறவுக்கு ஒரு அகராதியே உண்டு. முன்னாள் கணவரின் இந்நாள் மனைவிக்கு அதில் சொல் கிடையாது.

சொல் இல்லாததைப் படம் சொன்னது. 2023 ஜனவரித் திருமணம் காலையில் பதிவாளர் முன்னிலையில் நடந்தது. அன்று வெளிவந்த குடும்பப் படத்தில் மணமக்களோடு நீனா இருக்கிறார், அவர் கணவர் மெஹ்ரா இருக்கிறார், ரிச்சர்ட்ஸ் இருக்கிறார், சத்யதீப்பின் அம்மாவும் சகோதரியும் இருக்கிறார்கள். தன் வாழ்க்கை முழுவதும் முதல்முறையாக ஒரே இடத்தில் கூடியது என்ற பொருளில் மஸாபா அதன் கீழே எழுதினார். பெற்ற தகப்பனும் அம்மாவின் கணவரும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கும் கல்யாணப் படம் நம் மண்டபங்களில் தொங்கி நான் பார்த்ததில்லை. இருக்கும் வீடுகளில்கூட, ஒருவரை ‘மாமா’ என்று சொல்லி ஓரமாக நிறுத்திவிடுவார்கள்.

2024 அக்டோபரில் இந்தத் தம்பதிக்குப் பெண் பிறந்தது. பெயர் மாதரா. இந்தக் குழந்தையின் சான்றிதழில் எந்தக் கட்டமும் சிக்கல் தராது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மஸாபா கதையை முன்மாதிரி என்று மேடையில் பேசுவது எளிது. அவருக்கு அம்மாவின் பெயரே ஒரு முகவரி. வசை வந்தால் பதில் சொல்ல லட்சக்கணக்கானோர் பார்க்கும் பக்கம் ஒன்று உண்டு. ஆரிச் சட்டத்துக்கு முன் குனிந்திருக்கும் பெண்ணுக்கு அது எதுவும் இல்லை. அவள் வீட்டில் இதே நிலைமை வந்தால் உதட்டுச்சாயத்துக்குப் பெயர் வைக்க முடியாது. ஊர் மாற்றத்தான் முடியும்.

அந்த இடத்தில் கைகொடுப்பது வேறு பெண்கள் போட்ட வழக்குகள். கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்கப் போனபோது தகப்பன் கையெழுத்து கேட்டார்கள். கணவரின் சம்மதத்தோடுதான் வாங்கினார், இருந்தும் தாய் கையெழுத்து போதாது என்றார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் தாயும் இயற்கைக் காப்பாளரே என்றது. அதற்குப் பதினாறு ஆண்டு கழித்துத் தீர்ப்பு வந்த இன்னொரு வழக்கில், மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர் தன் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை நியமனதாரராகக் காட்டப் போனார். தகப்பன் பெயரைச் சொல், இல்லையேல் காப்பாளர் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். பெயரைச் சொல்ல மறுத்ததால் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவரைத் திருப்பி அனுப்பின. உச்ச நீதிமன்றத்தில் 2015 ஜூலை 6 அன்று நீதிபதிகள் விக்ரமஜித் சென்னும் அபய் மனோகர் சப்ரேயும் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். பிள்ளையின் நலன் கருதி வழக்கில் அவர் பெயர் ‘ஏபிசி’. அதே ஆண்டில்தான் மஸாபாவின் முதல் திருமணம். ஒருவர் மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒளியவேண்டியிருந்தது. மற்றவர் தன் பிறப்பையே வணிகப் பெயராக்கினார். சட்டத்தை அசைத்தவர் யார் என்று கேட்டால் என் விடை அந்த ஏபிசிதான்.

2016 டிசம்பரில் கடவுச்சீட்டு விதி மாறியது. தாய் அல்லது தகப்பன், ஒருவர் பெயர் போதும். 2018 டிசம்பர் 5 முதல், தாய் தனியாக வளர்க்கும் பிள்ளைக்கு நிரந்தரக் கணக்கு எண் வாங்கத் தகப்பன் பெயர் கட்டாயமில்லை.

ஆகவே உங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தையோடு பதிவு அலுவலகத்துக்குப் போய், ‘அப்பா பேரு?’ என்ற கேள்வியோடு திரும்பி வந்தால், கூடப் போங்கள். 2015 ஜூலை 6, ஏபிசி எதிர் டெல்லி மாநிலம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தன் வயிற்றில் பிறந்த குழந்தை என்று மணமாகாத தாய் எழுதித் தரும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும்; நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தே ஆகவேண்டும்.